மில்லுக்குள் வந்த கட்டில்

கட்டிலின் முன்கால்கள் இரண்டும் மில்லுக்குள் வந்துவிட்டன. பின்கால்கள் உள்கதவில் மாட்டிக்கொண்டு வரமாட்டோம் என்று அடம்பிடித்தன. எங்கள் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அதை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க செய்றீங்க?"

"பாத்தா தெரியலயா? கட்டில் போடுறேன்."

"மில்லுக்குள்ளயா?"

"இன்னைக்கு இது மில் இல்ல, வீடு. அளக்கிறவரு இப்ப வந்துருவாரு. அந்தப் பக்கம் புடி."

நான் பிடிக்கவில்லை. அவரே தள்ளி, கதவு நிலையில் பெயின்டை உரித்து, கடைசியில் கட்டிலை அரைக்கும் மெஷினுக்கு முன்னால் கொண்டுவந்து போட்டார். மூலையில் இருந்த செத்தல் மிளகாய் மூட்டைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தரை வரைக்கும் தொங்கும்படி பூப்போட்ட படுக்கை விரிப்பை விரித்தார். மெஷினுக்கு என் பழைய சேலை ஒன்றைப் போர்த்தினார். தள்ளி நின்று பார்த்து, தானே திருப்திப்பட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஏனென்றால் அளக்க வருகிறவரை அனுப்புவது எங்கள் பிரதேச சபை. அவரை அனுப்ப வேண்டும் என்று கை தூக்கிய உறுப்பினர்களில் நானும் ஒருத்தி.

ஒரே வீதம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் சபைக்குள் போன முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். கட்சிக்காரர்கள் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வேண்டும் என்று மில் வாசலுக்கு வந்து நின்றதையும், பெயருக்குத்தானே என்று நான் கையெழுத்துப் போட்டதையும், பெயர் நிஜமாகவே உறுப்பினராகி உட்கார நாற்காலி தேடியதையும் வாசித்துவிட்டுச் சிலர் போனில் சிரித்தார்கள். இது அதற்குப் பிறகு நடந்தது.

சோலைவரி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கும் கடைக்கும் வருஷா வருஷம் சபைக்குக் கட்டும் வரி. எங்கள் சபையில் அது எப்போதும் ஒரே வீதம். கடைத்தெருவில் மூன்று மாடி எழுப்பி, கீழே கடை, மேலே மண்டபம் என்று நடத்துகிறவரின் கட்டிடத்துக்கும், பின்பக்கம் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் ஒரு விதவையின் வீட்டுக்கும் ஒரே வீதம். கட்டிடத்தின் பெறுமதி வேறு வேறுதான். ஆனாலும் வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவரும், கட்டிடத்தை வைத்துச் சம்பாதிக்கிறவரும் ஒன்று என்று ஆகிவிடுகிறது அல்லவா?

குப்பை டிராக்டரின் பின்னால் ஒருநாள் நடந்து பார்த்தேன். வீடுகளில் இருந்து வந்தது கொஞ்சம் வாழைத்தோலும் தேங்காய்ச் சிரட்டையும். மிச்சம் முழுக்கக் கடைகளின் அட்டைப்பெட்டி, சாமான் பொதிந்துவந்த வெள்ளை ரெஜிஃபோம், அழுகின மரக்கறி. எங்கள் மில்லில் இருந்து போன சாக்குகளும் அதில் இருந்தன. ஒளிக்க என்ன இருக்கிறது?

வீடுகளுக்கு ஒரு வீதம், வியாபார இடங்களுக்குக் கூடிய வீதம் என்று வைக்கச் சட்டம் சபைக்கு எப்போதோ அதிகாரம் கொடுத்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். உறுப்பினர்களில் பாதிப்பேருக்குக் கடை இருந்தால் யார் தொடுவார்கள்?

சபைக்குத் தலைமை வகிக்கும் தவிசாளர் அந்த வருஷம் அதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தார். எனக்கு அது பிடித்தது. ஆனால் ஓரிடத்தில் முள் குத்தியது. வியாபாரம் நடக்கும் கட்டிடம் எல்லாம் வியாபாரக் கட்டிடம் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆட்கள் முன்னறையில் கடை போட்டு, பின்னால் குடியிருப்பவர்கள். பிள்ளை படுக்கும் அறையும், சாமிப்படம் மாட்டிய சுவரும் எப்படி வியாபாரம் ஆகும்?

எழுந்து நின்றேன். சபையில் பேசுவது சிங்களத்தில். என் சிங்களம் மில்லில் மிளகாய் அரைக்க வரும் அக்காமாரிடம் படித்தது. விலை பேசவும் சண்டை பிடிக்கவும் அது தாராளமாகப் போதும்.

"கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால், கடையை மட்டும் தனியாக அளக்க வேண்டும். உள்கதவுக்கு அந்தப் பக்கம் வீடு" என்றேன்.

எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவர் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டார்.

"மிஸ்ஸின் மில்லுக்காகத்தானே இந்தக் கதை?"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது.

"என் மில்லுக்காகவும்தான். என் மில் வியாபாரம். கூடிய வரி கட்டுவேன். நான் சமைக்கும் குசினி வியாபாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

திருத்தம் நிறைவேறியது. சபையில் என் வாயால் வந்த முதல் காரியம் அது. வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

தெரு நம்பவில்லை

தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் மில்லுக்குப் பக்கத்தில் நூர்தீன் நானாவின் ஹார்ட்வெயார் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆணி, கயிறு, பெயின்ட், மண்வெட்டி எல்லாம் முன்னால். அவரும் அவர் மனைவியும் பின்னால். அப்படி ஒரு நல்ல அயல் கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும். எங்கள் மோட்டர் பழுதானால் ஸ்பெனரோடு முதலில் வருவது அவர். தெருவில் எல்லோரும் எதற்கும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"தங்கச்சி, நீங்க பேசினது சரி. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யணும்" என்றார் நானா. "ஆனா அளக்கிற டேப் உங்க பேச்சைக் கேக்குமா? அது உள்ளுக்குப் போனா போனதுதான். என்ட பொஞ்சாதி தொழுற எடத்தையும் கடைன்டு எழுதுவாங்க."

"எழுத மாட்டாங்க நானா. சபையில தீர்மானிச்சிருக்கு."

"சபை" என்று சொல்லி அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் அடக்கம் என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று வரைக்கும் நான் அவருக்குத் தங்கச்சி மட்டும்தான். உறுப்பினர் ஆனபின், சபை சொல்லி நடக்காமல் போன எல்லாவற்றுக்கும் நான்தான் முகம்.

அப்புறம்தான் தெரு முழுக்க அந்த யோசனை பரவியது. கடை என்று தெரிந்தால்தானே உள்ளே வரைக்கும் அளப்பார்கள்? அளக்க வரும் நாளில் கடையே இல்லாவிட்டால்? போர்டைக் கழற்றிவிடுவோம், ஒரு கட்டிலைப் போடுவோம், இரண்டு துணியைக் காயப்போடுவோம். முன்னும் வீடு, பின்னும் வீடு.

யார் முதலில் சொன்னது என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு எங்கள் வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம்.

அவர் பெயர் ராமையா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்தளையில் இருந்து இந்தப் பக்கம் வரும் பாதையில் டிக்கெட் எடுக்காமல் ஒரு ஈ கூட அவர் பஸ்ஸில் போனது கிடையாது. பல்லேபொலவுக்குப் போகும் ஆள் பாதி வழிக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருந்தால், அந்த இடம் வந்ததும் மணியடித்து, கையைப் பிடித்து இறக்கிவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர்தான் அன்று காலை கட்டிலைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"காலம் பூரா டிக்கெட் எடுக்காத ஆள இறக்கிவிட்டீங்க" என்றேன். "இன்னைக்கு நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"பாக்கியம், அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"அங்க நான் கண்டக்டர். இங்க நான் பயணி" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காய்ச்சலாம்.

எங்கள் லயத்துக்குப் போகும் முடக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வரிக்காக இவள் ஏன் இப்படித் துள்ளுகிறாள் என்று நினைப்பீர்கள்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில். கொக்கோவும் மிளகும் ரப்பரும் கலந்த தோட்டம். அப்பா ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தார். அவர் கிட்ட வந்தாலே ரப்பர் ஷீட் புகை மணக்கும், எத்தனை தரம் குளித்தாலும் போகாது. எங்கள் வீட்டுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் ஒபிசுக்கு வரும். அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு.

பெரிய ரோட்டில் இருந்து தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு முடக்கு, சட்டென்று மடங்கும் வளைவு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் மழைத்தண்ணி ஓடும் ஆழமான கான். ரோட்டில் எல்லா இடமும் லைட் இருக்கும், அந்த முடக்கில் மட்டும் இருக்காது. கோயில் திருவிழா முடிந்து வரும்போது அம்மா அந்தக் கானுக்குள் விழுந்து கையை முறித்துக்கொண்டார். பத்துப் போட்டுக் கட்டியும் அது கடைசி வரைக்கும் நேராகவில்லை.

அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சபை ஒபிசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் கோபப்படவில்லை, ஏசவும் இல்லை. மிகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"நீங்க சபைக்கு வரி கட்டுற ஆக்கள் இல்லையே."

அவர் சொன்னது உண்மை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் பெயரில் ஒரு பிடி மண் கிடையாது. இல்லாத சொத்துக்கு எப்படி வரி கட்டுவது? அப்பா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். எனக்குத் தின்ன ஒரு பனிஸ் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு கல்யாணம் கட்டி, இவர் சம்பளத்தில் சீட்டுப் போட்டு, நான் வீட்டில் மிளகாய் இடித்து விற்று, யட்டவத்த போகும் ரோட்டில் இந்தத் துண்டுக் காணியை வாங்கினோம். முதல் சோலைவரி அறிவித்தல் வந்த அன்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நான் அதைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டேன். நானா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

தும்மல்

மதிப்பீட்டு உத்தியோகத்தர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, மரியாதையான சிங்கள மனிதர். தமிழும் கொஞ்சம் பேசுவார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டிய ஆள் அன்றைக்கு லீவு என்று தனியாகவே வந்திருந்தார்.

தெருவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பார்க்க வேண்டிய காட்சிதான். ஒரு போர்டும் இல்லை. சலூனில் ஒருவர் பாயில் படுத்திருந்தார், சுவரெல்லாம் கண்ணாடி. தேத்தண்ணிக் கடையில் ஒரு குடும்பமே ஆறு மேசைகளில் பிரிந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நானா தன் கடை உத்தரத்தில், கயிற்றுச் சுருள்கள் தொங்கும் இடத்தில், ஒரு தொட்டில் கட்டியிருந்தார். அவருடைய கடைசிப் பிள்ளைக்கே கல்யாணமாகிவிட்டது. உத்தியோகத்தர் குழந்தை என்று நினைத்து மெதுவாகத் தொட்டிலை ஆட்டினார். உள்ளே இருந்த ஆணிகள் கலகலவென்று சத்தம் போட்டன.

"நல்ல பிள்ளை, அழவே இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். நானாவும் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலேயே வந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

உத்தியோகத்தர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்பவர் மாதிரி நிமிர்ந்தார்.

"ஆ, மிஸ்ஸின் வீடா?"

கட்டிலைப் பார்த்தார். போர்வைக்குள் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். சேலை கட்டிய மெஷினையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பேனாவைத் திறந்தார்.

"அப்ப இது முழுக்க வீடுதானே, மிஸ்?"

சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் கிண்டல் இல்லை. உபகாரம்தான் இருந்தது. நான் 'ம்' என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா நின்றிருந்தால் போதும். அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார், நாங்களும் வருஷா வருஷம் வீட்டு வீதத்தைக் கட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

பின்னால் தெருவே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சபையில் கடைக்கு ஒரு வீதம் என்று பேசியவள், தன் கடையை வீடு என்று எழுதவிடுவாளா? எழுதவிட்டால் இனி இந்தத் தெருவில் நான் எதைப் பேசினாலும் யார் கேட்பார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கட்டில் தும்மியது.

முதல் நாள் பின்னேரம்தான் மிளகாய் அரைத்திருந்தோம். எங்கள் மில்லில் காலையில் மா, பின்னேரம் மிளகாய். மாவுக்கு முந்தி மில்லைக் கழுவித் துடைப்பது வழக்கம். அன்று கட்டில் அவசரத்தில் அதை யாரும் செய்யவில்லை. போதாததற்கு அடியில் செத்தல் மூட்டைகள். அவர் இவ்வளவு நேரம் எப்படித்தான் அடக்கிக்கொண்டு படுத்திருந்தாரோ. ஒன்று வந்தது, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் கணக்கே இல்லை. கண்ணும் மூக்கும் ஒழுக எழுந்து உட்கார்ந்தார். போர்வை உதறியதில் பறந்த தூள் உத்தியோகத்தரையும் பிடித்தது, நானாவையும் பிடித்தது. தெருவே தும்மியது.

எனக்கும் ஒரு தும்மல் வந்தது, அதோடு வாயும் திறந்துவிட்டது.

"இது மில், சேர்" என்றேன். "மிளகாய் அரைக்கிறோம், மஞ்சள் அரைக்கிறோம், மா அரைக்கிறோம். வியாபாரம்னு எழுதுங்க. அந்த உள்கதவுக்கு அங்கிட்டு வீடு. அத வீடுன்னு எழுதுங்க. சபையில அப்படித்தான் முடிவு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அப்படித்தான் மிஸ், எனக்கும் கடிதம் வந்திருக்கு" என்றார். பிறகு திரும்பிப் பார்த்து, "யாராவது இந்த முனையைப் பிடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்றவர் நானாதான். அவர் டேப்பை வாங்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி உள்ளே போனார். உள்கதவுப் படிக்கு வந்ததும் தயங்கி நின்றார். கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் என் குசினி, அடுப்பில் பருப்புச் சட்டி, கொடியில் துவாய்.

"இன்னம் உள்ளுக்குப் போவணுமா சேர்?"

"வேண்டாம், வேண்டாம். படியில வைங்க. அங்கிட்டு வீடு."

நானா குனிந்து டேப்பின் முனையைப் படியில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். உத்தியோகத்தர் ரோட்டோரத்தில் இருந்து அளவைச் சொல்லி எழுதிக்கொண்டார். நானா உடனே எழும்பவில்லை. அந்தப் படியையும் தன் விரலையும் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

பிறகு எழுந்து என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு சொல் சொன்னார்.

"சரி, தங்கச்சி."

நேராகத் தன் கடைக்குப் போய்த் தொட்டிலை அவிழ்த்தார். ஆணிகளைப் பெட்டியில் கொட்டும் சத்தம் இங்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கட்டில் இழுபடும் சத்தம். சலூன்காரர் பாயைச் சுருட்டினார். போர்டுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மில் வாசலில் நின்றபோது எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் விரும்பவில்லை. தேர்தலில் வென்ற அன்றுகூட நான் அப்படி நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"சரி, டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். "இனி இருக்க சீட் கேக்கலாம்."

"கேப்போம். மொதல்ல கட்டில உள்ளுக்குத் தள்ளுங்க."

இந்த முறை அந்தப் பக்கம் நான் பிடித்தேன்.

இரண்டு இலக்கங்கள்

அடுத்த வருஷம் எங்களுக்கு இரண்டு அறிவித்தல்கள் வந்தன. வீட்டுக்குப் பழைய இலக்கம், மில்லுக்குப் புதிதாக ஒன்று. கதவுக்கு மேல் அடிக்கச் சின்னத் தகடுகள் இரண்டு செய்வித்தேன். ஆணி நானா கொடுத்தார். காசு வாங்கவில்லை, தொட்டில் ஆணியாம்.

வரி கட்டப் போன அன்று, உறுப்பினர் என்று உள்ளே உட்காரக் கதிரை போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். ஜன்னல் இப்போது புதிது, கண்ணாடி போட்டது. ஆனால் இடம் அதே இடம்தான். முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது அப்பாவின் வெளுத்த சட்டை ஞாபகம் வந்தது. கண் கலங்கியது. மிளகாய் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

ஜன்னலுக்குள் இருந்தது புதிதாக வேலைக்கு வந்த பெண். என்னை அவளுக்குத் தெரியாது. இரண்டையும் கட்டினேன். பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டும் நான் நகரவில்லை.

"வேற என்ன, அம்மா?"

"தோட்டத்துக்குத் திரும்புற முடக்குல லைட் இல்ல மகள். கானுக்குள்ள ஆள் விழுகுது. ஒன்னு போடணும்."

அவள் கொப்பியைப் புரட்டினாள். பிறகு மிகவும் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அந்த இடத்துல சபைக்கு வரி கட்டுற ஆக்கள் யாரும் இருக்காங்களா?"

இதைச் சபையில் ஒரு பிரேரணையாகப் போட்டிருக்கலாம். போட்டும்தான் இருந்தேன், அது ஏதோ ஒரு கோப்புக்குள் இருந்தது. ஆனால் இந்தக் கேள்விக்கு இந்த ஜன்னலில்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு பற்றுச்சீட்டுகளையும் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"நான் இருக்கேன். நான் அந்த லயத்து ஆள்தான். வீட்டுக்கும் கட்டுறேன், வியாபாரத்துக்கும் கட்டுறேன். எழுதிக்க."

அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த முடக்கில் இப்போது லைட் எரிகிறது. மாத்தளையில் இருந்து பஸ்ஸில் இருட்டி வரும் நாட்களில், ஜன்னல் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி, அந்த இடம் வரும்போது எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.